என் பெயர் வைக்கவிருந்த நாடாப்புழு

சென்ற மாதம், இங்கே பர்மாவில் நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மூன்று பெண்கள் என்னைத் தேநீருக்கு அழைத்திருந்தார்கள். விருப்ப ஓய்வு பெற்று எனக்கு ஒன்றரை ஆண்டு ஆகிறது. அதற்குள் அங்கே மரபணுவைப் படிக்கும் இயந்திரம் வந்துவிட்டது. புழுவின் சிறு துணுக்கைக் கரைத்து உள்ளே வைத்தால், அது எந்த இனம் என்பது எழுத்து எழுத்தாகத் திரையில் வருகிறது. எனக்கு நாற்காலியில் உட்கார இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து நின்றே பார்த்தேன். அப்போது மா சூ என்ற பெண் கேட்டாள், ஒரே ஒரு புழுவை வைத்துக்கொண்டு நீங்களும் உங்கள் தலைவர் பெரிய சயாமாவும் நாலு மாதம் உட்கார்ந்திருந்தீர்களாமே, நிஜமா என்று.

நாலு மாதம் இல்லை. நூற்றுப் பதினேழு நாள். என் நாட்குறிப்பில் ஒவ்வொரு நாளும் இருக்கிறது. மா சூவின் தாயார் தமிழர்; மா சூவுக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. அம்மா படித்துச் சொல்லட்டும் என்று இதைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விலங்கியலில் பட்டம், ரத்தப் பரிசோதனைப் பிரிவில் ஒரு வருடம், பிறகு ஒட்டுண்ணிப் பிரிவு. முதல் வாரம் எலியின் குடலைத் திறந்து, உள்ளே வெள்ளை நூல்போலக் கிடந்த நாடாப்புழுக்களைப் பார்த்தேன். அந்த வாரம் முழுவதும் காலையில் மொஹிங்கா நூடுல்ஸ் சாப்பிட முடியவில்லை. அடுத்த வாரம் சாப்பிட்டேன். பயிற்சி முடிந்தது.

வேலை இதுதான். எங்கள் பிரிவில் முனியாண்டி அண்ணன் என்று ஒரு பணியாளர் இருந்தார். அவர் துறைமுகத்தை ஒட்டிய போட்டாதாங் கிடங்குகளிலும் க்யிம்யிண்டைங் சந்தையிலும் கம்பிக் கூண்டு வைத்து எலிகளை உயிரோடு பிடித்து வருவார். மயக்கமருந்தில் எலி அடங்கியதும் ஐந்து நிமிடத்துக்குள் குடலைத் திறக்க வேண்டும். வெள்ளைத் தட்டில் உப்புநீர் ஊற்றி, அதில் குடலைக் கிடத்தி, நீளவாட்டில் வெட்ட வேண்டும். புழுவைப் பிடித்து இழுக்கக் கூடாது. அதன் தலை, குண்டூசித் தலையிலும் சின்னது. குடல் சுவரைக் கவ்விக்கொண்டிருக்கும். இழுத்தால் கழுத்தோடு அறுந்துவிடும். தூரிகையால் தடவித் தடவி, அது தானாக விடும்வரை பொறுக்க வேண்டும். பிறகு குளிர்ந்த நீரில் அரைமணி நேரம் தளரவிட்டு, பதப்படுத்தி, சிவப்புச் சாயம் ஏற்றி, கிராம்பு எண்ணெயில் தெளியவைத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டினால், உடலின் ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள உறுப்புகள் படம் வரைந்தது போலத் தெரியும். தலையில் நான்கு உறிஞ்சிகள். சில இனங்களில் உச்சியில் வட்டமாகக் கொக்கிகள். சில இனங்களில் கொக்கியே கிடையாது. இன்ன இனம் என்று முடிவு செய்வதில் பாதி அந்தக் கொக்கிகளில்தான் இருக்கிறது.

எங்கள் பிரிவின் தலைவர் டோ மியா. எல்லோரும் சயாமா என்போம், பர்மியத்தில் ஆசிரியை என்று பொருள். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. ஒரு தகடு சரியில்லை என்றால் சின்னக் காகிதத்தில் 'மறுபடி' என்று பர்மியத்தில் எழுதி, தகட்டின்மேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். என் முதல் வருடத்தில் அப்படி நாற்பத்தொரு காகிதங்கள் சேர்ந்தன. எதை எண்ணினாலும் மூன்று முறை எண்ணுவார், மூன்றும் வெவ்வேறு நாளில். முந்தைய எண்ணைக் காகிதம் வைத்து மறைத்திருப்பார். என்னையும் தனியாக எண்ணச் சொல்வார். இருவர் எண்ணும் ஒத்துவராவிட்டால், நான் சொன்னதுதான் சரி என்று அவர் சொன்னதுமில்லை, என்னைச் சொல்லவிட்டதுமில்லை. மறுநாள் இருவரும் மறுபடி எண்ணுவோம்.

என் வேலையின் கடைசிக்கு முந்தைய ஆண்டில் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு மரப்பெட்டி வந்தது. எப்போதோ ஒரு பயிற்சி வகுப்பில் சயாமாவோடு படித்த ஆய்வாளர் ஒருவர் அனுப்பியது. அங்கே வயல்களிலும் தானியக் களங்களிலும் பிடித்த எலிகளின் நாடாப்புழுக்கள், சாராயத்தில் போட்டு, பதினாறு ஜாடிகள். எந்தெந்த இனம் என்று பிரித்துத் தர வேண்டும். அன்றுதான் என் கணக்கில் முதல் நாள்.

ஆப்பிரிக்க எலிகளின் படங்களைப் பெட்டியிலேயே வைத்திருந்தார்கள். முதுகில் கோடு போட்ட சுண்டெலி, நாய்க்குட்டி அளவுக்குப் பெருத்த எலி. அவற்றின் வயிற்றுக்குள் இருந்தவை எங்கள் சந்தை எலிகளின் புழுக்களுக்கு அக்கா தங்கை போல இருந்தன. எட்டு ஜாடிகளைச் சிக்கலில்லாமல் முடித்தோம். முப்பத்தொன்றாம் நாள் ஒன்பதாவது ஜாடியைத் திறந்தோம்.

அதில் இருந்த புழுவின் உடல், எங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இனத்தின் உடல். கண்ணிக்கு மூன்று விரைகள், அவை நின்ற வரிசை, முட்டையின் அளவு, எல்லாம் அச்சு அசல். அந்த இனத்துக்குத் தலையில் இருபதுக்கு மேல் கொக்கிகள் இருக்கும். இந்தத் தலையில் ஒன்றுகூட இல்லை. ஜாடியில் மொத்தம் நான்கு தலைகள், மூன்று வெவ்வேறு எலிகளிலிருந்து. நான்கும் மொட்டை.

சயாமா அன்று வீட்டுக்குப் போகும்போது குடையை மறந்துவிட்டுப் போனார். மழைக்காலத்தில்.

ஒரு தலையைச் சாயம் ஏற்றியே பார்த்து முடித்தோம். மூன்று மிச்சம். சயாமா இருந்த நூல்களையெல்லாம் புரட்டினார், கடிதங்கள் எழுதினார். கொக்கிகள் உதிர்ந்திருக்கலாமே என்ற எண்ணம் அவருக்கு வராமல் இல்லை. எலி செத்து நேரமானால் புழுவும் அழுகத் தொடங்கும், கொக்கிகள் உதிரும். ஆனால் ஜாடியின் சீட்டில், பொறியிலிருந்து எடுத்த அன்று காலையே திறந்ததாக எழுதியிருந்தது. எங்கள் முனியாண்டி அண்ணன் கொண்டுவருவதைப் போல, எடுத்ததும் திறந்த புது எலி. அதனால் உதிர வழியில்லை. எழுபதாம் நாள் அவர் முடிவுக்கு வந்தார். இது இதுவரை யாரும் பெயர் வைக்காத இனம். ஆண்டு முடிவில் அவருக்கு ஓய்வு. முப்பத்தாறு ஆண்டுகளில் அவர் ஓர் இனத்துக்கும் பெயர் வைத்ததில்லை.

கட்டுரையைத் தட்டச்சு செய்ய என்னிடம்தான் கொடுத்தார். இனத்தின் பெயர் வரவேண்டிய இடத்தில் என் பெயர் லத்தீன் வால் ஒட்டி எழுதப்பட்டிருந்தது. நான் இரண்டு முறை படித்தேன்.

"ஜாடியிலேருந்து நாலு தலையும் முழுசா வந்தது உன் கையால. வேற யார் பேர வைக்க?" என்றார் சயாமா. அவர் பர்மியத்தில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

அன்று நாட்குறிப்பில் நான் எழுதியது ஒரே வரி: 'இன்று தகடு எதையும் தொடவில்லை.' வீட்டுக்காரர் செய்தியைக் கேட்டுவிட்டு, மகளுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் இதை வெளியே சொல்ல வேண்டாம் என்றார். முனியாண்டி அண்ணன் சொல்லாமல் விடுகிற ஆள் இல்லை.

"மனுசங்க பேர ரோட்டுக்கு வைப்பாங்க, மடத்துக்கு வைப்பாங்க. எலி வயித்துல கெடக்குற புழுவுக்கா தங்கச்சி பேரு? நாளைக்கு ராஜி வந்துருக்குன்னா, எந்த ராஜின்னு கேக்கணும்."

"கொக்கி இருக்கான்னு பாருங்க அண்ணே. இல்லன்னா அதுதான் நான்," என்றேன். எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

எண்பத்தெட்டாம் நாள் திங்கட்கிழமை. அதற்கு முன் தடிஞ்சுட் பௌர்ணமி விடுமுறை, ஆய்வுக்கூடம் மூன்று நாள் பூட்டியிருந்தது. விடுமுறைக்கு முன் திறக்க நேரமில்லாமல் கொன்று குளிர்பெட்டியில் வைத்த போட்டாதாங் எலிகள் ஐந்து காத்திருந்தன. வழக்கமான கணக்கெடுப்புக்காகத் திறந்தேன். மூன்றாவது எலியில் நாடாப்புழு. தலையைத் தனியாக எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். மொட்டை. நான்காவது எலியிலும் ஒரு தலை. அதுவும் மொட்டை. உடலைப் பார்த்தேன். மூன்று விரைகள், அதே வரிசை.

ஆப்பிரிக்காவின் வயல் எலியில் இருக்கிற என் புழு, போட்டாதாங் கிடங்கிலும் இருக்கிறது! தட்டை மூடி வைத்துவிட்டுத் தாழ்வாரத்தில் ஓடினேன். எதிரே முனியாண்டி அண்ணன் கூண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அவரிடம்தான் முதலில் சொன்னேன்.

அவர் குழாயை மூடினார்.

"எந்த எலிம்மா? வியாழக்கிழமை போட்டு வச்சதா?"

"ஆமா அண்ணே."

"அதத் தூக்கிப் போடுன்னு சொல்லத்தான் வந்தேன். லீவு நாள்ல மீ இல்ல. பெட்டி சூடாக் கெடந்துச்சு. காலைல தொறந்தா ஒரே நாத்தம், வாசலக் கழுவி விட்டதே நான்தான்."

மீ என்றால் இங்கே மின்சாரம். நாற்றம் எனக்கும் தெரிந்தது. ஆனால் இருபத்தொன்பது ஆண்டு எலி திறந்த மூக்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தாழ்வாரத்தில் அப்படியே நின்றேன். சூட்டில் செத்துக் கிடந்த எலி. மொட்டைத் தலை. நேற்றுவரை இந்த எலிகளில் நான் பார்த்ததெல்லாம் கொக்கி வைத்த தலைகள்தான்.

சயாமாவின் அறைக்குப் போகாமல் என் மேசைக்குத் திரும்பினேன். கட்டுரை அந்த மாதக் கடைசியில் போகவிருந்தது. நான் வாயைத் திறக்காவிட்டால் போய்விடும், என் பெயரோடு. யாரும் கேட்கப்போவதில்லை. இதை மறைக்காமல் எழுதுகிறேன்: அன்று மாலை நான்கு மணி வரை யாரிடமும் பேசவில்லை. ஆனால் நாலு மணிக்குள் எனக்குத் தாங்க முடியாத ஒன்று வந்துவிட்டது. பயம் இல்லை அது. எத்தனை மணி நேரத்தில் உதிர்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதை யாரும் எண்ணிப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

முனியாண்டி அண்ணனிடம் பன்னிரண்டு எலி கேட்டேன். எதற்கென்று கேட்டார், சொன்னேன். "ஒம் பேரக் கெடுத்துக்க ஒனக்கே நான் எலி புடிச்சுத் தரணும்," என்றார். மூன்று நாளில் பதினான்கு கொண்டுவந்தார். அவற்றை அறைச் சூட்டிலேயே வைத்து, சிலவற்றை உடனேயும் சிலவற்றை மூன்று மணி, ஆறு மணி, பன்னிரண்டு மணி நேரம் கழித்தும் திறந்தேன். உடனே திறந்தவற்றில் கொக்கி வட்டம் முழுசாக இருந்தது, இருபத்துநான்கு, இருபத்தைந்து. மூன்று மணியில் ஒரு தலையில் இரண்டு குறைந்தது. ஆறு மணியில் வட்டம் பல்லுப்போன சீப்பு மாதிரி இருந்தது. பன்னிரண்டு மணியில் எடுத்த ஐந்து தலைகளில் நான்கு மொட்டை.

நோட்டை எடுத்துக்கொண்டு சயாமா முன்னால் போய் வைத்தேன். அவர் எண்களைப் பார்த்தார். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார்.

"மூணு தடவை எண்ணினியா?"

"மூணு தடவை, சயாமா. மூணு நாள்ல."

"அப்ப சரி," என்றார். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "இது நம்ம எலியப் பத்திச் சொல்லுது. ஒன்பதாம் ஜாடியப் பத்திச் சொல்லலையே. அதுல எலிய அன்னைக்கே தொறந்துருக்காங்க."

அவர் குரலில் வாதம் இல்லை. அடுத்து எங்கே பார்ப்பது என்று தேடும் குரல். கொக்கி உள்ள இனத்தில் தலைக்குள் ஒரு சிறு பை இருக்கும். கொக்கிகள் இருக்கும் நுனியைப் புழு அதற்குள் இழுத்துக்கொள்ளும். வெளியே கொக்கி உதிர்ந்தாலும், பையின் அடியில் ஒன்றிரண்டு சிக்கியிருக்கலாம். முழுத் தலையாகப் பார்த்தால் சாயத்தில் அது தெரியாது. தலையை மெழுகில் வைத்துத் துண்டு துண்டாகச் சீவிப் பார்க்க வேண்டும். சீவினால் அந்தத் தலை போனது போனதுதான். மிச்சம் இருப்பவை மூன்று.

"பை இல்லாட்டி உன் பேரு நிக்கும். கொக்கி கெடைச்சா போச்சு. நீயே சீவு," என்றார்.

வேறு யாரையாவது சீவச் சொல்லுங்கள் என்றேன். உன்னைவிட நிதானமான கை இந்தக் கட்டடத்தில் இல்லை என்று சொல்லிவிட்டு, காய்ந்த இஞ்சி ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

நூற்றுப் பதினைந்தாம் நாள் தொடங்கினோம். தலை கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, மெழுகுக்குள் போனால் தொலைந்துவிடும். அதனால் முதலில் இளஞ்சிவப்புச் சாயத்தில் தோய்த்தேன். மெழுகு உருகிய நிலையிலேயே சில மணி நேரம் இருக்க வேண்டும். அதற்கான சூட்டுப்பெட்டிக்கு மின்சாரம் வேண்டும், அது நம் கையில் இல்லை. பதினொன்றரைக்கு மீ போனது. சயாமா தம் மேசையிலிருந்த வெந்நீர்க் குடுவையைத் தூக்கி வந்தார். மெழுகுக் கிண்ணத்தைப் பாத்திரத்தில் வைத்து, சுற்றிலும் வெந்நீர் ஊற்றி, வெப்பமானியைச் செருகினோம். அறுபதுக்குக் கீழே இறங்காமல் அவர் ஊற்ற, நான் ஆறிய நீரை எடுத்துக் கீழே கொட்ட, இரண்டு பேரும் மாறி மாறி வெந்நீர் கொண்டுவந்தோம். எதிர்த் தேநீர்க் கடையிலிருந்து முனியாண்டி அண்ணன் கெட்டில் கெட்டிலாகச் சுமந்தார். மூன்றரைக்குத் தெருவில் பிள்ளைகள், "மீ லாபீ," என்று கத்தினார்கள். மின்சாரம் வந்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் மெழுகு அதற்குள் தயாராகிவிட்டிருந்தது.

மறுநாள் காலை கட்டியைச் செதுக்கிச் சீவுபொறியில் மாட்டினேன். அது கையால் சுழற்றுவது. ஒரு சுற்றுக்கு ஒரு மெல்லிய துண்டு, ஏழு மைக்ரான் கனம். ஒன்றோடொன்று ஒட்டி நாடா போலக் கத்தியின்மேல் இறங்கும். சுற்றும் வேகம் மாறினால் கிழியும். மூச்சு பட்டால் பறக்கும். முகத்தில் துணி கட்டிக்கொண்டேன். இளஞ்சிவப்புப் புள்ளி நாடாவில் தோன்றிய இடத்திலிருந்து மறைந்த இடம்வரை முப்பத்தெட்டுத் துண்டுகள். ஒன்றும் கிழியவில்லை. முப்பத்தெட்டாவது கத்தியைவிட்டு இறங்கியபோதுதான் என் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருப்பது தெரிந்தது.

நூற்றுப் பதினேழாம் நாள், காலை ஒன்பதே கால். சாயம் ஏற்றிய தகட்டை நுண்ணோக்கியில் வைத்தேன். பத்தாவது துண்டுவரை வெறும் தசை. பதினொன்றில் ஓர் ஓரம் வளைந்து தெரிந்தது. பன்னிரண்டில் அது வட்டமானது. பை இருந்தது. வெற்றுப் பையாக இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினாறாவது துண்டில், பையின் அடியில், சாயம் பிடிக்காமல், தேன் நிறத்தில், வளைந்த நகம் போல ஒன்று மின்னியது.

கொக்கி.

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. இருபத்தொன்பது ஆண்டில் அவ்வளவு அழகான எதையும் அந்தக் குழாய் வழியாக நான் பார்த்ததில்லை. என் பெயர் போய்விட்டது என்பது அடுத்த நொடியில்தான் ஞாபகம் வந்தது, அதுவும் யாரோ ஒருவருடைய பெயர் போல. சயாமாவைக் கூப்பிட்டேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. அவர் தோள் குலுங்கியதைப் பார்த்து, அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு நாளா உள்ள ஒளிஞ்சு உக்காந்துருக்கான் பாரு," என்றார்.

அளந்தேன். பதினேழு மைக்ரான், தெரிந்த இனத்தின் கொக்கியே. சயாமா கட்டுரைக் கட்டைக் கொண்டுவரச் சொல்லி, முதல் பக்கத்தில் குறுக்கே கோடு போட்டு, தேதி எழுதிக் கையெழுத்திட்டு என்னிடம் நீட்டினார். நானும் கையெழுத்திட்டேன். அவருடைய ஒரே இனம் அது. அவர் பேனாவை மூடும்போது கை நிலையாக இருந்தது.

பிறகு ஆப்பிரிக்க நண்பருக்கு மின்னஞ்சல் எழுதினோம், எலியை எப்படிப் பிடித்தீர்கள் என்று. பதில் இரண்டு நாளில் வந்தது. அவர்கள் கம்பிக் கூண்டே வைப்பதில்லையாம். கழுத்தை நெரிக்கும் விசைப்பொறிதான். மாலையில் வைத்துக் காலையில் எடுப்பார்கள். அந்தி நேரத்தில் மாட்டிய எலி, பன்னிரண்டு மணி நேரம் வெக்கையில் செத்துக் கிடந்திருக்கும். எலி என்றால் கூண்டில் உயிரோடு வருவதுதான் என்று நூற்றுப் பதினேழு நாளும் நாங்கள் இருவரும் கேட்காமலே இருந்திருக்கிறோம்.

மின்னஞ்சலின் கடைசியில் அவர் கேட்டிருந்தார்: கொக்கி இல்லாத இனங்கள் என்று நாங்கள் பல வருடமாகப் பிரித்து வைத்திருக்கும் ஜாடிகள் இன்னும் இருபத்திரண்டு இருக்கின்றன. இனி அவற்றை நான் நம்பலாமா?

சயாமா அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, ஓய்வுக்கு இன்னும் எத்தனை நாள் என்று என்னைக் கேட்டார். முப்பத்துமூன்று என்றேன். அனுப்பச் சொல்லி அன்றே பதில் எழுதினார். பெட்டி வந்து சேர்ந்தபோது அவர் ஓய்வு பெற்று ஒரு வாரம் ஆகியிருந்தது. முனியாண்டி அண்ணன் ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருக்கும்போதே, வாசலில் சயாமா குடையை மடக்கிக்கொண்டு வந்து நின்றார், வருகைப் பதிவில் இனி கையெழுத்துப் போட வேண்டியதில்லை என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு.

முதல் ஜாடியைத் திறந்தேன். தலையைப் பிரித்து, தெளியவைத்து, நுண்ணோக்கியில் பொருத்தினேன்.

"மா ராஜி, கொக்கி இருக்கா?" என்றார் பின்னாலிருந்து.

நான் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன்.